தேடுபொறியில் ஓர் ஊர்ப்பெயர்: வெம்பக்கோட்டையை முன்வைத்துத் தமிழ்ச் சொல்வடிவமும் இணையதளக் காண்புநிலையும்

ஆய்வுச் சுருக்கம்

இணையதளம் ஒன்று தேடுபொறியில் எளிதில் கண்ணிற்படுவதற்கான வழிமுறைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் இயல்பை அடிப்படையாகக் கொண்டே விளக்கப்பட்டு வருகின்றன. வேற்றுமை உருபும் சாரியையும் புணர்ச்சியும் சொல்லின் உருவையே மாற்றும் தமிழுக்கு அவ்வழிமுறைகள் அப்படியே பொருந்துவதில்லை. விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டை எனும் ஊர்ப்பெயரையும் அதனோடு சேர்த்துத் தேடப்படும் சொற்களையும் சான்றாகக் கொண்டு, தேடல் ஆய்வுக் கருவிகள் தமிழ்ச் சொற்களைப் பற்றி எவற்றைக் காட்டுகின்றன, எவற்றை மறைக்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது. தமிழ்ப் பக்கங்களின் காண்புநிலைச் சிக்கல் அடிப்படையில் சொல்லிலக்கணச் சிக்கல் என்பதும், அதனைத் தீர்ப்பதற்குரிய அறிவு கணினியாளரைவிடத் தமிழாய்வாளரிடமே மிகுதியாக உள்ளது என்பதும் இதன் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: வெம்பக்கோட்டை, தேடுபொறி, தேடுசொல், ஒருங்குறி, புணர்ச்சி, வேற்றுமை உருபு, அகழாய்வு, பட்டாசு, ஆய்விதழ்.

முன்னுரை

வெம்பக்கோட்டை என்னும் பெயருக்கு இன்று மூன்று முகங்கள் உள்ளன. வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளத்தை ஒட்டிய தொல்லியல் மேட்டில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் முதற்கட்ட அகழாய்வைத் தொடங்கிற்று. 2023 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் 2024 ஜூனில் மூன்றாம் கட்டமும் தொடங்கின. முதலிரு கட்டங்களில் மட்டும் 7,900க்கும் மேற்பட்ட தொல்பொருட்கள் கிடைத்தன. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள், ஆட்டக்காய்கள், தங்க அணிகலன், சூதுபவளம் என அவை விரிகின்றன. இது முதல் முகம். சிவகாசிப் பட்டாசுத் தொழில் பரவியுள்ள வட்டங்களுள் வெம்பக்கோட்டையும் ஒன்று என்பது இரண்டாம் முகம். அத்தொழிலின் வெடிவிபத்துச் செய்திகளில் திரும்பத் திரும்ப இடம்பெறும் ஊர் என்பது மூன்றாம் முகம். 2024 பிப்ரவரி 17 அன்று வெம்பக்கோட்டை அருகே பட்டாசு ஆலையில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 10 பேர் உயிரிழந்தனர். வைப்பாற்றின் குறுக்கே அமைந்த அணை ஒன்றும் இவ்வூரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

ஒருவர் தேடுபொறியில் இவ்வூர்ப்பெயரை உள்ளிடும்போது இம்முகங்களுள் எது முன்வந்து நிற்கும் என்பதை ஊரார் தீர்மானிப்பதில்லை, ஆய்வாளரும் தீர்மானிப்பதில்லை. எந்தப் பக்கம் எந்தச் சொல்வடிவத்தில் எழுதப்பட்டுள்ளது, தேடுபவர் எந்த வடிவத்தில் தட்டச்சு செய்கின்றார் என்பவற்றின் பொருத்தமே பெரிதும் தீர்மானிக்கின்றது. அகழாய்வு பற்றிய நல்ல தமிழ்க் கட்டுரை ஒன்று இணையத்தில் இருந்தும் தேடுபவர் கண்ணிற்படாது போனால், அவ்வூரைப் பற்றி உலகம் அறிவது விபத்துச் செய்தியும் விலைப்பட்டியலும் மட்டுமே. இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் சிக்கல் இதுவே.

எழுத்தும் குறியீடும்

தேடுபொறி முதலில் இணையப் பக்கங்களைத் தேடிச் சென்று படிக்கின்றது. படித்த சொற்களுக்கு ஓர் அட்டவணையை உருவாக்குகின்றது. தேடுசொல் வந்தவுடன் அவ்வட்டவணையிலிருந்து பொருத்தமானவற்றைத் தரவரிசைப்படுத்தித் தருகின்றது. நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவை ஒத்த அமைப்பு இது. சொல்லடைவைத் தொகுக்கும் தமிழறிஞர் ‘ஆற்றில்’ என்பதை ‘ஆறு’ என்னும் தலைச்சொல்லின் கீழ்ச் சேர்ப்பார். இயந்திரம் முதலில் காண்பது குறியீடுகளின் வரிசையை மட்டுமே.

வெம்பக்கோட்டை என்பது தமிழ் நெடுங்கணக்கின்படி 7 எழுத்துகள். ஒருங்குறியில் அது 13 குறியீடுகள். ‘வெ’ என்பது வகரமும் எகரக் குறியும். ‘ம்’ என்பது மகரமும் புள்ளியும். இச்சொல்லை இணைய முகவரியில் வைத்தால் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டுகளாகவும், ஒவ்வொரு பைட்டும் 3 உருக்களாகவும் விரிந்து, மொத்தம் 117 உருக்கள் கொண்ட நெடுந்தொடராகின்றது. முகவரியைப் படியெடுத்து அனுப்பும்போது வாசகர் கண்டு திகைக்கும் குறித்தொடர் இதுவே. பழுது ஒன்றுமில்லை, தேடுபொறி அதனைச் சரியாகவே படித்துக்கொள்ளும்.

இதைவிட நுட்பமானது ‘கோ’ எனும் எழுத்து. ஒருங்குறியில் இதனைக் ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்து எழுதலாம். ககரத்தோடு ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குறித் தரம் இரண்டையும் சமமானவை என்றே வரையறுக்கின்றது. பெரிய தேடுபொறிகள் இச்சமன்பாட்டை அறியும். ஆயினும், கல்லூரி, நூலக இணையதளங்களில் உள்ள உள்தேடல் பெட்டிகள் பல அதனை அறியா. கண்முன் இருக்கும் சொல்லைத் தேடினால் ‘இல்லை’ என்று விடை வருவதற்கு இது ஒரு காரணம். ஔகாரத்தின் கொம்புக்கால் குறிக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டச்சு செய்வதும் இவ்வகையைச் சேர்ந்ததே. அது கண்ணை ஏமாற்றும், இயந்திரத்தை ஏமாற்றாது.

ஒற்றும் உருபும்

ஊர்ப்பெயரின் நடுவிலுள்ள ககர ஒற்றே முதற் சிக்கல். ஆங்கில எழுத்தில் இவ்வூர்ப்பெயர் வழக்கமாக இரட்டிப்பின்றி, ஒரே ககர ஒலிக்குரிய எழுத்தோடு எழுதப்படுகின்றது. ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் அவ்வாங்கில வடிவத்தைத் தட்டுபவருக்கு ‘வெம்பகோட்டை’ எனும் ஒற்றில்லா வடிவம் கிடைக்கக்கூடும். அவர் பிழை செய்தவர் அல்லர். கருவி காட்டிய வடிவத்தை ஏற்றவர். இன்னும் பலர் தமிழ் எழுத்துக்கே வாராமல் உரோமன் எழுத்திலேயே தேடுவர். ஆகவே ஒரே ஊருக்கு ஒற்றுடன் ஒன்று, ஒற்றின்றி ஒன்று, உரோமன் எழுத்தில் ஒன்று எனக் குறைந்தது மூன்று வாயில்கள் உள்ளன. தமிழாய்வாளர் எழுதும் பக்கம் முதல் வாயிலை மட்டுமே திறந்து வைத்திருக்கின்றது.

மேடு அமைந்துள்ள விஜயகரிசல்குளத்தின் நிலையும் இத்தகையதே. வடமொழி எழுத்தைத் தவிர்ப்போர் ‘விசயகரிசல்குளம்’ என எழுதுவர். நடைத்தூய்மை நோக்கில் அது ஏற்புடையதே. ஆனால் அவ்வடிவத்தை மட்டுமே கொண்ட பக்கம் ஊராரின் வழக்கு வடிவத்தில் தேடுபவருக்கு எட்டாது போகலாம்.

அடுத்தது உருபு. இங்குத் தமிழிலக்கணம் கணினியாளர் கவனிக்காத ஓர் ஒழுங்கைக் காட்டுகின்றது. வெம்பக்கோட்டை ஐகார ஈற்றுச் சொல். இல், இன், இலிருந்து முதலியன சேரும்போது யகர உடம்படுமெய் தோன்றுமேயன்றிப் பெயரின் உரு சிதைவதில்லை. வெம்பக்கோட்டையில், வெம்பக்கோட்டையின், வெம்பக்கோட்டைக்கு, வெம்பக்கோட்டைத் தொல்லியல் மேடு ஆகிய அனைத்தினுள்ளும் வெம்பக்கோட்டை முழுமையாக நிற்கின்றது. எனவே இயந்திரம் வெறும் எழுத்துத்தொடரை ஒப்பிட்டாலும் இச்சொல் அகப்படும்.

பட்டாசு அவ்வாறன்று. அது குற்றியலுகர ஈறு. ‘பட்டாசில்’, ‘பட்டாசின்’, ‘பட்டாசாலை’ என வருமிடங்களில் ஈற்று உகரம் மறைந்துவிடுகின்றது. ‘பட்டாசு’ என்னும் தொடர் அவற்றினுள் இல்லை. அவை அனைத்துக்கும் பொதுவாக எஞ்சுவது ‘பட்டாச’ என்பதே. அருங்காட்சியகம் மகர ஈறு. அத்துச் சாரியை பெற்று ‘அருங்காட்சியகத்தில்’ ஆகும்போது ஈற்று மகரம் கெடுகின்றது. பொதுவாக எஞ்சுவது ‘அருங்காட்சியக’. வைப்பாறு இவற்றினும் சுவையானது. நெடில்தொடர், உயிர்த்தொடர்க் குற்றியலுகரங்களில் டகர, றகர ஒற்றுகள் வேற்றுமையில் இரட்டும் என்பது நன்னூல் காட்டும் நெறி. அதன்படி வைப்பாறு ‘வைப்பாற்றில்’, ‘வைப்பாற்றங்கரை’ என வருகின்றது. கண்ணுக்கு இவை பெரிதும் மாறியவை போலத் தோன்றினும், குறியீட்டு வரிசையில் ‘வைப்பாற’ என்பது வரை இரண்டும் ஒன்றே. அதன்பின் ஒன்றில் உகரக் குறியும் மற்றொன்றில் புள்ளியும் வருகின்றன.

இதிலிருந்து ஒரு செயல்முறை பிறக்கின்றது. ஒரு சொல்லின் ஈறு இன்னது என்று அறிந்தால், அதன் எல்லா உருபேற்ற வடிவங்களையும் உள்ளடக்கும் மிகக் குறுகிய பொதுத்தொடர் எது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். உருபு புணரியல் பயின்ற முதுகலை மாணவர் ஒருவர் இதனை எளிதிற் செய்வார். தேடல் ஆய்வுக் கருவிகளைத் தமிழுக்குப் பயன்படுத்துவதில் இதுவே முதன்மையான படிநிலை. அது எந்தக் கருவியின் பயன்பாட்டுக் குறிப்பிலும் காணப்படாததில் வியப்பில்லை.

பெருந்தேடுபொறிகள் எழுத்துத்தொடரை மட்டுமே ஒப்பிடுகின்றன என்று கொள்ளுதல் தவறாகும். கூகுள் நிறுவனம் பெர்ட் எனப்படும் மொழி மாதிரியை 2019 அக்டோபரில் ஆங்கிலத் தேடலிலும், அதே ஆண்டு டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட 70க்கும் மேற்பட்ட மொழிகளின் தேடலிலும் புகுத்தியது. ‘வெம்பக்கோட்டையில் என்ன கிடைத்தது’ போன்ற தொடரின் பொருளை ஓரளவு உணர்வதற்கு அது வழிவகுத்தது. எனினும், மாதிரி எத்துணைச் சிறந்ததாயினும் பக்கத்தில் இல்லாத சொல்லை அது உறுதியாகக் கண்டுகொள்ளும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. தேடலுக்கு வெளியே, தளத்தின் உள்தேடலும் கருவிகளின் வடிகட்டிகளும் இன்றும் எழுத்துத்தொடரையே நம்பியுள்ளன.

கலைச்சொல்லின் பன்மை

உருபால் வரும் வேறுபாட்டை இலக்கணம் விளக்கும். கலைச்சொல்லால் வரும் வேறுபாட்டை வழக்கே விளக்கவேண்டும். அகழாய்வு, அகழ்வாய்வு, அகழ்வாராய்ச்சி, அகழாராய்ச்சி ஆகிய நான்கும் இன்று வழங்குகின்றன. நான்குக்கும் பொதுத்தொடர் ‘அகழ’ என்பது. அதனை வடிகட்டியில் இட்டால் அகழியும் உடன் வரும். கோட்டை என முடியும் ஊர்ப்பெயருக்கு அது பெரிய இடையூறும் அன்று. ஆய்வுக் கட்டுரையில் ‘சூதுபவளம்’ என்பது செய்தித்தாளில் ‘கார்னீலியன்’ ஆகின்றது. ‘ஆட்டக்காய்’, ‘வட்டச்சில்லு’ முதலியன ஊரில் ‘சில்லு’ என்ற அளவில் நின்றுவிடுகின்றன.

பட்டாசு விற்பனைத் தளங்களில் இவ்விடைவெளி இன்னும் வெளிப்படை. வீட்டில் புஸ்வாணம், சங்குச்சக்கரம், கம்பி மத்தாப்பு என்று சொல்பவர் விலைப்பட்டியலில் காண்பது ‘ஃபிளவர் பாட்ஸ்’, ‘கிரவுண்ட் சக்கர்’, ‘ஸ்பார்க்லர்ஸ்’ முதலியன. அதுவும் பெரும்பாலும் படமாக ஏற்றப்பட்ட பட்டியலில். படத்தினுள் இருக்கும் சொல்லைத் தேடுபொறி சொல்லாகப் படிக்கும் என்று நம்பியிருத்தல் இயலாது. சிவகாசி அச்சுத்தொழிலின் வண்ணத்தாள் மரபு அப்படியே திரைக்கு வந்துவிட்டதன் விளைவு இது எனலாம்.

ஒரே பொருளுக்குரிய பல பெயர்களை ஓரிடத்தில் தொகுப்பது தமிழுக்குப் புதிதன்று. திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் செய்தது அதுவே. நல்ல இணையப் பக்கம் ஒன்றின் முதற்பத்தி அளவோடு அமைந்த நிகண்டாக இருக்கலாம்: ‘சூதுபவளம் எனப்படும் கார்னீலியன் கல்’ என ஒருமுறை சொன்னால் இரு வாயில்களும் திறக்கின்றன. ஆயின் வடிவங்களை வரிசையாகக் கொட்டுவது வேறு. தேடுசொற்களைத் திணித்தல் என்று கூகுளின் வழிகாட்டு நெறிகள் அதனைக் குற்றமாகவே கருதுகின்றன. அத்தகைய பக்கம் தரவரிசையில் இறங்கலாம். பிழை வடிவத்தையும் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும் என்ற அறிவுரையும் ஏற்கத்தக்கதன்று. ஒற்றில்லா ‘வெம்பகோட்டை’யை ஆய்வுநூல் ஏற்கவேண்டிய தேவையில்லை, பக்கத்தின் ஆங்கிலச் சுருக்கத்தில் உரோமன் வடிவம் இடம்பெற்றாலே அவ்வழி வருவோரிற் பலரை எதிர்கொள்ளலாம்.

கருவிகள் காட்டுவன

கூகுள் சர்ச் கன்சோல் இலவசக் கருவி. 2015 வரை வெப்மாஸ்டர் டூல்ஸ் என வழங்கியது. தளத்தின் உரிமையாளர் உரிமையை மெய்ப்பித்த பின்னரே அது திறக்கும். எந்தத் தேடுசொல்லுக்குப் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை முறை சொடுக்கப்பட்டது, இரண்டுக்கும் உள்ள விகிதம், சராசரியாக எத்தனையாவது இடத்தில் நின்றது என நான்கு அளவுகளை அது தருகின்றது. கடந்த 16 மாதத் தரவு மட்டுமே கிடைக்கும். ஆகவே தீபாவளி போன்ற ஆண்டுச் சுழற்சியை ஒப்பிட விரும்புவோர் தரவைக் காலந்தோறும் தரவிறக்கி வைத்துக்கொள்ளுதல் நன்று.

இவ்வளவுகளைத் தனித்தனியே படிப்பதால் பயனில்லை. பக்கம் ஒன்று குறித்த சொல்லுக்கு முதற் பத்து இடங்களுள் நின்று பன்முறை காட்டப்பட்டும் சொடுக்கப்படவில்லை எனின், குறை பெரும்பாலும் தலைப்பில் உள்ளது. தமிழாய்வுக் கட்டுரைத் தலைப்புகள் நீளமானவை. தேடல் முடிவுப் பட்டியலோ திரையின் அகலத்துக்கேற்பத் தலைப்பை வெட்டிவிடுகின்றது. ‘விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டம் விஜயகரிசல்குளம் தொல்லியல் மேட்டில் கிடைத்த’ எனத் தொடங்கும் தலைப்பில், கிடைத்தது இன்னது என்பதைக் கைப்பேசியில் தேடுபவர் காணமாட்டார். ‘வெம்பக்கோட்டை அகழாய்வு: சங்கு வளையல்கள்’ என்று எழுவாய் வடிவில் தொடங்கும் தலைப்பு அவருக்கும் இயந்திரத்துக்கும் ஒருங்கே விளங்கும். மாவட்டமும் வட்டமும் உள்ளே வரலாம். இதற்கு மாறாக, பக்கம் காட்டப்படவே இல்லை எனின் தலைப்பைத் திருத்துவது வீண்; எழுத்துரு, அட்டவணைச் சேர்க்கை, சொல்வடிவம் ஆகியவற்றை ஆராயவேண்டும்.

2021 முதல் இக்கருவியில் வடிவக்கோவை வடிகட்டி உள்ளது. மேற்கூறிய ஈற்று ஆய்வு பயன்படுமிடம் இதுவே. ‘வெம்ப(க்)?கோட்டை’ என்று இட்டால் ஒற்றுள்ள, ஒற்றில்லா வடிவங்களும் அவற்றின் உருபேற்ற வடிவங்களும் ஒருங்கே வந்துவிடும். அடைப்புக்குள் உள்ளது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்பதே வினாக்குறியின் பொருள். ‘வைப்பாற’ என்று இட்டால் வைப்பாறும் வைப்பாற்றங்கரையும் சேர்ந்து வரும்.

கூகுள் டிரெண்ட்ஸ் 2006இல் வந்தது. அது தேடல்களின் எண்ணிக்கையைத் தருவதில்லை. தேர்ந்த காலத்தின் உச்சத்தை 100 எனக் கொண்டு ஒப்பளவைத் தருகின்றது. பட்டாசு என்னும் சொல் தீபாவளியை ஒட்டி ஆண்டுதோறும் கூர்ந்து எழுவதை அதில் காணலாம். சிற்றூர்ப் பெயருக்கு அது பல காலப்பகுதிகளில் சுழியமே காட்டும். சுழியம் என்பது தேடுவார் இல்லை என்று பொருள்படாது. அளவிடும் எல்லைக்குக் கீழ் உள்ளது என்பதே பொருள். தேடுசொல் வேறு, தலைப்பு வேறு என அக்கருவி பிரித்துக் காட்டுவதையும் ஆய்வாளர் மனத்திற் கொள்ளவேண்டும். தலைப்பாகத் தேர்ந்தால் பல மொழிகளிலும் பல எழுத்துமுறைகளிலும் வரும் வடிவங்கள் ஒருங்கு எண்ணப்படுகின்றன; சொல்லாகத் தேர்ந்தால் அந்த எழுத்துமுறையில் வந்தது மட்டுமே.

கருவிகள் மறைப்பன

சர்ச் கன்சோல் எல்லாத் தேடுசொற்களையும் காட்டுவதில்லை. இரண்டு மூன்று மாதக் காலத்தில் சில பத்துப் பேருக்கு மேல் தேடாத சொற்களைத் தேடியவரின் அந்தரங்கம் கருதி அது பெயர் மறைத்துவிடுகின்றது. மொத்தக் கணக்கில் அவை சேரும், பட்டியலில் தோன்றா.

ஆங்கிலத்துக்கு இது சிறு இழப்பு. தமிழுக்குப் பேரிழப்பு. எடுத்துக்காட்டாக, குறித்த காலத்தில் வெம்பக்கோட்டை அகழாய்வைப் பற்றி 200 பேர் தேடினர் எனக் கொள்வோம். ஆங்கிலத்தில் அவர்கள் இரண்டு மூன்று வடிவங்களில் குவிவர். தமிழில் ஒற்றுள்ளது, இல்லாதது. எழுவாய், இல்லுருபு, இன்னுருபு. அகழாய்வு, அகழ்வாய்வு, அகழ்வாராய்ச்சி எனப் பெருக்கிப் பார்த்தால் 18 வடிவங்கள். 200 பேர் அவற்றில் சிதறினால் ஒரு வடிவத்துக்குப் பதினொருவர். ஒவ்வொன்றும் எல்லைக்குக் கீழ், ஒவ்வொன்றும் மறைக்கப்படும். தளத்தின் உரிமையாளர் பட்டியலைப் பார்த்துத் ‘தமிழில் யாரும் தேடவில்லை’ என்று முடிவு செய்து ஆங்கிலப் பக்கத்தை வளர்க்கத் தொடங்குவார். மொழியின் சொல்வளமே அம்மொழியைத் தேடுவார் இல்லாததாகக் காட்டும் முரண் இது. தமிழில் தேடல் குறைவு என்று கூறும் எந்தக் கணிப்பையும் இக்காரணத்தால் ஐயத்துடன் அணுகுதல் தகும்.

இதற்கு ஓரளவு மாற்று உண்டு. தனித்தனிச் சொற்களின் சொடுக்குகளைக் கூட்டி, அக்கூட்டலைப் பக்கத்தின் மொத்தச் சொடுக்குகளிலிருந்து கழித்தால் மறைக்கப்பட்ட பகுதி எவ்வளவு என்பது தெரியவரும். பட்டியல் 1,000 வரிகளுக்கு மேற்பட்டிராத சிறு தளங்களில் இக்கணக்கு நம்பத்தக்கது. தேடல் பெட்டியில் சொல்லின் முற்பகுதியைத் தட்டும்போது தோன்றும் பரிந்துரைகளும் வழக்கிலுள்ள வடிவங்களைக் காட்டும். அவற்றைத் தனிமைச் சாளரத்தில் பார்த்தல் வேண்டும். இல்லையேல் தேடுபவரின் பழைய தேடல்களே திரும்பி வரும்.

விபத்தும் விற்பனையும்

தரவரிசை சொல்வடிவத்தை மட்டும் பொறுத்ததன்று. அண்மைக்கு முதலிடம் தரும் ஏற்பாடு தேடுபொறிகளில் உண்டு. நிலநடுக்கம் நிகழ்ந்த அன்று அச்சொல்லைத் தேடுபவர் புதிய செய்தியையே வேண்டுவார் என்பது அதன் அடிப்படை. வெம்பக்கோட்டையில் வெடிவிபத்து நிகழும் நாளில் அவ்வூர்ப்பெயருக்கு விபத்துச் செய்தி முதலில் வருவது முறையே. உறவினரைத் தேடுவோர்க்கு அது இன்றியமையாததும் ஆகும். செய்தி ஓய்ந்த பின்னும் அவ்விடத்தை நிரப்ப வேறு பக்கங்கள் இல்லாதபோதே சிக்கல் எழுகின்றது. மதுரை, தஞ்சாவூர் போன்ற பெயர்களுக்கு ஒரு செய்தி வந்து போகும். பின்னால் ஆயிரக்கணக்கான பக்கங்கள் உள்ளன. சிற்றூருக்கு அந்தப் பின்புலம் இல்லை. ஆகவே ஊரைப் பற்றி நிலைத்த, தொடர்ந்து புதுப்பிக்கப்படும் தமிழ்ப் பக்கம் ஒன்று இருப்பது, விபத்தை மறைப்பதற்காக அன்று, ஊரின் பெயர் விபத்துக்கு மட்டும் உரியதாகிவிடாமற் காப்பதற்காகத் தேவைப்படுகின்றது.

பட்டாசு விற்பனைத் தளங்களின் நிலை வேறு. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று அளித்த தீர்ப்பில் மின்வணிகத் தளங்கள் இணையவழியே பட்டாசு விற்பதைத் தடை செய்தது. சரவெடிகளுக்கான தடையும் அத்தீர்ப்பிலேயே வந்தது. கூகுளின் விளம்பரக் கொள்கையோ பட்டாசு விளம்பரங்களை ஏற்பதில்லை. எனவே கட்டணம் செலுத்தி முன்னிற்கும் வழி அடைபட்டு, இயல்பான தேடல் முடிவில் இடம்பிடிப்பதே சிவகாசித் தளங்களுக்கு எஞ்சிய வழியாயிற்று. விலைப்பட்டியல் காட்டுதல், மதிப்பீடு கேட்டல், வாட்ஸ்அப் எண் தருதல் என்ற வடிவம் அவ்வாறு வளர்ந்தது. அதே வடிவத்தைப் போலித் தளங்களும் கைக்கொண்டன. பண்டிகைக் காலத்தில் மலிவு விலைப் பட்டாசு என்று கூறிப் பணம் பறிக்கும் தளங்களைக் குறித்துத் தமிழ்நாடு இணையவழிக் குற்றப்பிரிவு பொதுமக்களை எச்சரித்துள்ளது. தேடலில் முன்னிற்பது நம்பகத்தன்மைக்குச் சான்றாகாது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

ஆய்விதழ்களின் நிலை

தமிழாய்விதழ்களே இச்சிக்கலின் நடுவில் உள்ளன. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. ஆயினும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து, அதனைப் பிடிஎஃப் கோப்பாக்கி ஏற்றும் வழக்கம் பல இதழ்களில் நீடிக்கின்றது. பாமினி போன்ற எழுத்துருவில் அமைந்த கோப்பு மனிதக் கண்ணுக்குத் தமிழ். இயந்திரத்துக்கு உரோமன் எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் கலந்த பொருளற்ற தொடர். அத்தகைய கோப்பில் வெம்பக்கோட்டை என்ற சொல் நூறு முறை வந்தாலும் தேடுபொறியின் அட்டவணையில் ஒருமுறைகூட ஏறாது. ஒருங்குறியில் தட்டச்சு செய்த கோப்புகளிலும், பக்க வடிவமைப்பு மென்பொருள் கொம்பை மெய்க்கு முன்னதாக, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிந்துவிடுவதுண்டு. அப்போது ‘கோ’ குலைந்து, ஊர்ப்பெயர் ஊர்ப்பெயராக இராது. கோப்பிலிருந்து ஒரு வரியைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்ப்பது போதிய சோதனை. ஒட்டிய வரி தமிழாக வரவில்லையெனின் அக்கட்டுரை இணையத்தில் இருந்தும் இல்லாததே.

கூகுள் ஸ்காலர் 2004இல் தொடங்கப்பட்டது. அதன் நெறிகள் எளியவை: ஒவ்வொரு கட்டுரைக்கும் தனிக் கோப்பும் தனி முகவரியும் வேண்டும், கோப்பு 5 எம்பிக்கு மிகாதிருத்தல் வேண்டும், உரை தேடத்தக்கதாக இருத்தல் வேண்டும், தலைப்பு முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில், ஆசிரியர் பெயர் அதனை அடுத்து, வரவேண்டும். ஓர் இதழின் நாற்பது கட்டுரைகளை ஒரே கோப்பாக ஏற்றினால் நாற்பதும் தனித்தனியே அறியப்படா. ஆய்வேட்டு மேற்கோளும் பதவி உயர்வு மதிப்பெண்ணும் இத்தகைய அடைவுகளோடு பிணைந்துவிட்ட இக்காலத்தில், எழுத்துருத் தேர்வு கட்டுரையாளரின் வாழ்வியற் சிக்கலாகவும் ஆகிவிட்டது. இதழின் பழைய தொகுதிகளை எழுத்துரு மாற்றிகளைக் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றலாம். அச்சுப் பக்கங்களாக மட்டுமே எஞ்சியவற்றை எழுத்துணரிக்கு உட்படுத்தலாம். டெசராக்ட் போன்ற கட்டற்ற எழுத்துணரிகள் தமிழை அறியும். ஆயினும் ணகர னகரங்களையும் புள்ளிகளையும் அவை மயங்கிக் காட்டுமாதலின், சுவடிப் பதிப்பில் பயின்ற கண் ஒன்று மெய்ப்புப் பார்த்தல் வேண்டும்.

திருத்தும் முறை

வெம்பக்கோட்டை பற்றிய தமிழ்ப் பக்கம் ஒன்றைத் துறை ஒன்று பேணுவதாயின், பணி இவ்வாறு அமையலாம். தொடக்கத்தில் தேடத்தக்க சொற்களின் ஈறு நோக்கிப் பொதுத்தொடர்ப் பட்டியல் ஒன்று அமைக்கப்படும். பக்கம் வெளிவந்து மூன்று மாதம் சென்றபின், அத்தொடர்களைக் கொண்டு சர்ச் கன்சோலில் வடிகட்டிப் பார்த்து, காட்டப்பட்டும் சொடுக்கப்படாதவை, காட்டப்படவே இல்லாதவை எனப் பிரிக்கப்படும். முதல் வகைக்குத் தலைப்பும் சுருக்கமும் திருத்தப்படும். இரண்டாம் வகைக்கு உடற்பகுதியில் அச்சொல் இயல்பாக வருமிடம் உண்டா என்று நோக்கப்படும். ஒரு நேரத்தில் ஒரு திருத்தமே செய்யப்படவேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால் எது பயன் தந்தது என்பது அறியப்படாது. தீபாவளி மாதத்தை அதற்கு முந்திய மாதத்தோடு ஒப்பிடாமல் முந்திய ஆண்டின் தீபாவளி மாதத்தோடு ஒப்பிடுதல் வேண்டும். அகழாய்வின் புதிய கட்டம் தொடங்கும் நாளிலும் வெடிவிபத்து நிகழும் நாளிலும் ஊர்ப்பெயரின் தேடல் திடீரென உயரும். அவ்வுயர்வைத் திருத்தத்தின் பயனாக எண்ணிக்கொள்ளாதவாறு, அந்நாள்களைத் தரவுத்தாளின் ஓரத்திலேயே குறித்துவைப்பது வழக்கமாக வேண்டும்.